நிலம் கேட்டு நோட்டீஸ் வந்தால் விவசாயி என்ன செய்ய வேண்டும்?

சென்ற ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பு, திருத்தணியை அடுத்த ஒரு கிராமத்தில் மானாவாரி நிலக்கடலை பற்றி வயல்வெளிக் கூட்டம் நடத்தினோம். விதை நேர்த்தி, ஜிப்சம் இடுதல், டிக்கா இலைப்புள்ளி நோய் ஆகியவற்றை விளக்கி முடித்த பின், சந்தேகம் இருப்பவர்கள் கேட்கலாம் என்று சொன்னேன். வழக்கம்போல் நோய் கண்ட செடியைப் பிடுங்கி வந்தவர்கள் உண்டு. ஒரு பெரியவர் மட்டும் மடியிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். செய்யாறு பக்கத்து விவசாயி அவர். முருகனுக்குக் காவடி எடுப்பதற்காக மகள் வீட்டுக்கு வந்திருந்தார்.

"ஐயா, இலையில் புள்ளி விழுந்தால் இன்ன மருந்து என்று சொல்கிறீர்கள். இந்தக் காகிதத்துக்கு என்ன மருந்து?" என்று கேட்டார்.

தொழிற்பேட்டைக்காக அவருடைய 2 ஏக்கர் 40 சென்ட் நிலத்தை எடுக்க உத்தேசித்திருப்பதாகவும், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்றும் வந்த அறிவிப்பு அது. பதில் கொடுக்க வேண்டிய கெடுவில் நான்கு நாட்களே பாக்கி இருந்தன. "பதில் எழுதினால் நிலத்தைக் கொடுக்கச் சம்மதித்ததாக ஆகிவிடும் என்று ஊரில் சொன்னார்கள். அதனால் சும்மா இருந்துவிட்டேன்" என்றார்.

இந்தத் தப்பான எண்ணம் பல கிராமங்களில் இருக்கிறது. பூச்சியால் ஒரு போக மகசூல் போனால் அடுத்த போகத்தில் ஈடு செய்யலாம். கெடு தவறிப் போனால் நிலத்தோடு நியாயமான இழப்பீடும் போய்விடும். ஆகவே, பயிர் பாதுகாப்பைப் போலவே நிலப் பாதுகாப்பும் விவசாயி அறிந்திருக்க வேண்டிய விஷயம் ஆகும். அதைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

தொழிற்சாலைக்கு ஏன் இத்தனை உபசரிப்பு?

தமிழ்நாடு தொழில் முன்னேற்ற நிறுவனமான சிப்காட் 1971-ல் தொடங்கப்பட்டது. நிலத்தைச் சேகரித்து, சாலை, தண்ணீர், மின்சார வசதி செய்து, தொழிற்சாலைகளுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுப்பது அதன் முக்கியப் பணி. 1990-களில் மறைமலை நகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆகிய கார் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரி பாகம் செய்யும் ஆலைகள் பின்னால் வந்தன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரமே மாறிப் போயிற்று. நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளைகள் பல்லாயிரம் பேர் அங்கே வேலைக்குப் போய் வருகிறார்கள். இதனால் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது என்பதை யாரும் மறுக்க முடியாது.

பெரிய கம்பெனி ஒன்று இடம் தேடுகிறது என்று தெரிந்தால் மாநிலங்கள் போட்டி போடுகின்றன. திருத்தணிக்கு இந்தப் போட்டி புதிதல்ல; எல்லைக் கோட்டின் மேலேயே நாம் குடியிருக்கிறோம். வடக்கே சத்தியவேடு, தடா பக்கத்தில் ஆந்திரம் ஸ்ரீசிட்டி என்னும் பெரிய தொழில் நகரை அமைத்தது. 2017-ல் கியா கார் கம்பெனி பல மாநிலங்களைப் பார்த்துவிட்டு, அனந்தபூர் மாவட்டத்தில் பெனுகொண்டா அருகே இடம் பிடித்தது. இப்படிப் போட்டி நடக்கும்போது ஒவ்வொரு அரசும் முத்திரைத் தீர்வை விலக்கு, மின்சார வரி விலக்கு, கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருதல், மூலதன மானியம், சலுகை விலையில் நிலம் என்று தட்டு நிறைய வைக்கிறது.

இந்தத் தட்டில் உள்ள மற்றவை எல்லாம் அரசாங்கக் கஜானாவிலிருந்து வருபவை. நிலம் மட்டும் விவசாயியின் கையிலிருந்து வருகிறது. மேலும், கம்பெனி கேட்பது ஒரே இடத்தில், சமதளமாக, சாலையோரமாக, தண்ணீர் கிடைக்கும் நிலம். பயிர் கேட்பதும் அதே நிலம்தான். தகராறு பிறக்குமிடம் இதுவே.

கண்டறிந்த பாடங்கள்

சில உதாரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா. 2005-ல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, 2006-ல் செல்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. வரிச் சலுகையும் சிப்காட் நிலமும் பெற்றது. உச்சக்கட்டத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். பின்னர் வரித் தகராறு வந்தது. செல்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி நின்றது. ஆலையை வேறொரு கம்பெனி எடுத்துக்கொள்ளப் போவதாக அறிவிப்பு வந்தது 2019-ல்தான். ஃபோர்டு நிறுவனமும் 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, மறைமலை நகரில் 2022-ல் கடைசிக் காரை வெளியே அனுப்பியது. தொழிற்சாலையின் ஆயுள் சந்தையைப் பொறுத்தது என்பதை இவற்றிலிருந்து அறியலாம்.

இரண்டாவது, நம் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள தேர்வாய் கண்டிகை. அங்கே சுமார் 1,127 ஏக்கர் மேய்ச்சல் நிலமும் புதர்க்காடும் சிப்காட் வசம் போயின. 2009-ல் மிஷெலின் டயர் கம்பெனியுடன் அரசு ஒப்பந்தம் செய்தது. ஊரில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். ஆடு, மாடு மேய்த்து, விறகும் தழையும் கொண்டு வந்து பிழைத்தவர்கள். அந்தக் காட்டில் விழும் மழைதான் தங்கள் ஏரிக்கு வருகிறது என்று சொல்லிப் போராடினார்கள். 2012-ல் பிரான்ஸ் நாட்டு அமைப்பு வரை இந்தப் புகார் சென்றது. ஆனால் பட்டா இல்லாத நிலத்துக்கு ஏக்கர் கணக்கில் இழப்பீடு கேட்க வழி இல்லை. புறம்போக்குதானே என்று கணக்கில் எழுதப்படும் இடம், பத்து ஆடு வைத்திருக்கும் விதவைக்கு வாழ்வாதாரம். பட்டா நிலத்தை விட இதற்குத்தான் அதிகக் காவல் தேவைப்படுகிறது.

மூன்றாவது, மேற்கு வங்கத்தில் சிங்கூர். டாட்டா நானோ காருக்காக 2006-ல் 997 ஏக்கர் எடுக்கப்பட்டது. போராட்டத்துக்குப் பின் 2008-ல் கம்பெனி குஜராத்தில் உள்ள சனந்துக்குப் போய்விட்டது. 2016 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நிலத்தை விவசாயிகளிடமே திருப்பித் தர உத்தரவிட்டது. திரும்பி வந்த நிலத்தில் கான்கிரீட்டும் ஜல்லியும் கிடந்தன. பழையபடி பயிர் செய்யப் பலரால் முடியவில்லை. 2023-ல் நடுவர் மன்றம், மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் அந்தக் கம்பெனிக்கு ரூ.765.78 கோடியும் வட்டியும் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அங்கே ஆலையும் இல்லை, அறுவடையும் குறைந்தது, செலவு மட்டும் ஏறியது.

நான்காவது, அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து நியூ லண்டன் என்ற சிறு நகரம். ஃபைசர் மருந்து கம்பெனி அங்கே ஆராய்ச்சி நிலையம் கட்டியது. அதை ஒட்டிய பகுதியை விருத்தி செய்து வேலையும் வரியும் பெருக்கலாம் என்று சொல்லி, நகரத்தார் வீடுகளைக் கட்டாயமாக எடுத்தனர். சூசெட் கெலோ என்ற பெண்மணி வழக்காடினார். 2005-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2009-ல் ஃபைசர் அந்த ஊரை விட்டுப் போவதாக அறிவித்தது. வீடுகளை இடித்த இடம் பல ஆண்டுகள் புல் முளைத்துக் கிடந்தது. அதன் பின் அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்கள் இத்தகைய நில எடுப்பைக் கட்டுப்படுத்தித் தங்கள் சட்டங்களைத் திருத்தின.

எந்தச் சட்டத்தின் கீழ் வந்த நோட்டீஸ்?

நோட்டீஸ் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அதன் தலைப்பில் உள்ள சட்டத்தின் பெயர். நோய் எது என்று தெரியாமல் மருந்து தெளிப்பதில் பயன் இல்லை.

(1) 2013-ம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டம்: 1894-ம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2014 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளது. தனியார் கம்பெனிக்கு எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரும், அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டமானால் 70 சதவீதத்தினரும் சம்மதிக்க வேண்டும். சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். பல போகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோது மட்டுமே எடுக்கலாம் என்று 10-வது பிரிவு சொல்கிறது. முதல்நிலை அறிவிக்கை வெளியானதிலிருந்து 60 நாட்களுக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம்.

(2) 1997-ம் ஆண்டு தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம்: சிப்காட் தொழிற்பேட்டைகளுக்குப் பெரும்பாலும் பயன்படுவது இதுதான். இழப்பீட்டுத் தொகைக்கு 2013 சட்டத்தின் அட்டவணை பொருந்தும். ஆனால் 80 சதவீதச் சம்மதமும் சமூகத் தாக்க மதிப்பீடும் இதில் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் இந்த ஏற்பாடு செல்லாது என்றது. அதே ஆண்டில் தமிழக அரசு புதிய சட்டம் இயற்றி இதற்கு உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனவே, "80 பேர் சம்மதிக்காமல் எடுக்க முடியாது" என்று நம்பி வாளாவிருப்பது ஆபத்து. இச்சட்டத்தில் விவசாயிக்கு உள்ள முக்கிய வாய்ப்பு, "ஏன் எடுக்கக்கூடாது?" என்று கேட்டு வரும் நோட்டீஸுக்குத் தரும் எழுத்து மூலமான பதிலே. பெரியவர் கொண்டு வந்ததும் இந்த வகை நோட்டீஸ்தான்.

(3) 1956-ம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டம்: சித்தூர் - தச்சூர் ஆறு வழிச் சாலைக்காகப் பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை வட்டங்களில் நிலம் எடுக்கப்பட்டபோது விவசாயிகள் இச்சட்டத்தைச் சந்தித்தார்கள். இதில் ஆட்சேபணைக் கெடு அறிவிக்கை வந்த நாளிலிருந்து 21 நாட்கள் மட்டுமே.

இவை தவிர, கம்பெனியோ தரகரோ நேரில் வந்து பேசி வாங்குவதும் உண்டு. அது சாதாரண விற்பனை. அதில் சட்டத்தின் ஆறுதல் தொகையோ மறுவாழ்வோ தானாக வராது.

இழப்பீட்டுக் கணக்கு

2013 சட்டப்படி கணக்குப் போடும் முறையை ஒவ்வொரு விவசாயியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அரசின் வழிகாட்டி மதிப்பு ஒன்று. அக்கம்பக்கத்தில் அதே மாதிரி நிலம் கடந்த மூன்று ஆண்டுகளில் விற்ற பத்திரங்களில், அதிக விலை காட்டிய பாதிப் பத்திரங்களின் சராசரி மற்றொன்று. இவற்றில் எது கூடுதலோ அதுவே சந்தை மதிப்பு. தனியார், கூட்டுத் திட்டங்களில் ஒப்புக்கொண்ட தொகை இருந்தால் அதையும் ஒப்பிடுவார்கள். கிராமப்புறமானால் நகரத்திலிருந்து உள்ள தூரத்துக்குத் தக்கபடி 1 முதல் 2 வரை ஓர் எண்ணால் பெருக்குவார்கள். அதோடு கிணறு, மரம், கட்டடம் ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டி, வரும் தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை சேர்க்கப்படும். தவிர, தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை நாள் முதல் தீர்வம் அல்லது சுவாதீனம் வரை, சந்தை மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் தனியே உண்டு.

உதாரணமாக, ஓர் ஏக்கரின் சந்தை மதிப்பு ரூ.10 லட்சம், பெருக்கும் எண் 1.25, கிணறு மற்றும் மரங்களின் மதிப்பு ரூ.1.5 லட்சம், காலம் ஓர் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம்.

நில மதிப்பு (10 x 1.25) - ரூ.12.5 லட்சம்
கிணறு, மரங்கள் - ரூ.1.5 லட்சம்
கூடுதல் - ரூ.14 லட்சம்
ஆறுதல் தொகை 100 சதவீதம் - ரூ.14 லட்சம்
12 சதவீதக் கூடுதல் தொகை - ரூ.1.2 லட்சம்
ஆக மொத்தம் - ரூ.29.2 லட்சம்

கிணறும் மரங்களும் கணக்கில் ஏறாமல் போனால் நஷ்டம் ரூ.1.5 லட்சம் அல்ல. ஆறுதல் தொகையும் சேர்ந்து ரூ.3 லட்சம் ஆகும். அதே போல, பத்திரச் செலவை மிச்சப்படுத்த ஊரில் எல்லாரும் ரூ.10 லட்சத்து நிலத்தை ரூ.5 லட்சம் என்று எழுதிப் பதிந்திருந்தால், வழிகாட்டி மதிப்பும் அந்த அளவிலேயே இருந்தால், மேற்படி ஏக்கருக்குக் கிடைப்பது ரூ.16.1 லட்சமே. பத்திரத்தில் மிச்சம் பிடித்த சில ஆயிரங்கள் இப்படித் திரும்பி வந்து லட்சங்களைக் கொண்டு போகின்றன. குறைத்து எழுதியவர் மட்டும் அல்ல, அடுத்த வயல்காரரும் இதனால் பாதிக்கப்படுகிறார்.

நோட்டீஸ் வருமுன் செய்ய வேண்டியவை

நோய் வந்த பின் மருந்தடிப்பதை விட விதை நேர்த்தி மேல் அல்லவா? கீழ்க்கண்டவற்றை எல்லா விவசாயிகளும் இப்போதே செய்து வைத்தல் நலம்.

பட்டா: பாட்டனார் பெயரில் பட்டா, பேரன்கள் பயிர் செய்கிறார்கள் என்ற நிலை இங்கே அதிகம். பாகப்பிரிவினையைப் பதிவு செய்து பட்டாவை மாற்றிக் கொள்ளவும். திருத்தணி 1960 ஏப்ரல் 1-ந் தேதிதான் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்தது. ஆகவே நம் பகுதியில் பழைய மூலப் பத்திரங்கள் தெலுங்கில் இருப்பது சகஜம். விசாரணை நாளன்று மொழிபெயர்ப்புக்கு ஆள் தேடி அலைய வேண்டாம். இப்போதே தமிழில் பெயர்த்து, சர்வே எண்களை ஒத்துப் பார்த்து வைக்கவும். 1979-ல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பெயரும் பரப்பும் மாறிப் பதிவானவர்களும் உண்டு. ஆண்டுதோறும் வட்ட அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில் மனுக் கொடுத்துத் திருத்திக் கொள்ளவும்.

அடங்கல்: சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் நெல் எடுக்கும் வயலைச் சில இடங்களில் ஒரு போகம் என்று அடங்கலில் கண்டிருக்கிறேன். பெரியவரிடமிருந்த அடங்கல் நகலிலும் நெல்லும் நிலக்கடலையும் விளையும் நிலம் ஒரு போகமாகவே இருந்தது, கிணறே இல்லை. ஒவ்வொரு பட்டத்திலும் பயிர், பரப்பு, கிணறு, ஆழ்துளைக் கிணறு, மரங்கள் ஆகியவை பதிவாகின்றனவா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, நகல் வாங்கி வைத்தல் அவசியம்.

மரக் கணக்கு: மா, தென்னை, வேம்பு, பனை என்று இனம் வாரியாக எண்ணிக்கை, வயது, சுற்றளவு, ஆண்டு மகசூல் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, தேதியுடன் புகைப்படம் எடுத்து வைக்கவும். ஒட்டு மா நான்கைந்து ஆண்டில் காய்ப்புக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் பலன் தரக்கூடியது. பழ மரத்தை விறகு விலைக்கு மதிப்பிட்டால், வரப்போகும் மகசூலைக் கணக்கில் எடுக்கும்படி எழுத்து மூலம் கேட்கவும்.

ரசீதுகள்: திருவாலங்காட்டில் உள்ள திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பிய சீட்டு, நேரடி நெல் கொள்முதல் நிலைய ரசீது, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிலக்கடலை போட்ட பில், மண்வள அட்டை, மின் இணைப்பு அட்டை எல்லாம் சாட்சியங்கள். நிலம் தரிசு அல்ல, பாசன நிலம் என்பதை இவை பேசும்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நில எடுப்பு விசாரணை ஒன்றில் ஒரு விவசாயிக்காக மாந்தோப்பைப் பார்த்து மகசூல் கணக்கு எழுதிக் கொடுத்தேன். கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் அடங்கலில் அந்தத் தோப்பே இல்லை. பத்து ஆண்டுகளாகப் "புஞ்சை, நிலக்கடலை" என்றே எழுதி வந்திருந்தார்கள். நான் போனபோது மரங்களும் வெட்டுப்பட்டுக் கிடந்தன. என் கணக்கு எடுபடவில்லை. அன்று முதல் எந்தக் கூட்டத்தில் பேசினாலும் அடங்கலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் வருவதில்லை.

நோட்டீஸ் வந்த பின் செய்ய வேண்டியவை

1. நோட்டீஸை மறுக்காமல் வாங்கிக் கொள்ளவும். வாங்குவது சம்மதம் ஆகாது. வாங்கிய தேதியை அதிலேயே குறிக்கவும். மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். கெடு மட்டும் ஓடும்.

2. கெடுவுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்கவும். நேரில் கொடுத்தால் ஒப்புகை பெறவும். இல்லையேல் ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்பவும். "கொடுக்க மாட்டோம்" என்று மட்டும் எழுதுவது போதாது. சர்வே எண், பரப்பு, பயிர்கள், நீர் ஆதாரம், நம்பியுள்ள ஆட்கள், அருகே உள்ள ஏரி, வரத்துக் கால்வாய், மாற்றாக எடுக்கக்கூடிய தரிசு ஆகியவற்றை விவரமாக எழுதவும்.

3. ஒரு பகுதியை மட்டும் எடுப்பதானால், மீதி நிலத்துக்கு வழி, வாய்க்கால், கிணற்றுப் பங்கு என்னவாகும் என்று கேட்கவும். துண்டுபடுவதால் வரும் நஷ்டத்துக்கும் இழப்பீடு உண்டு.

4. விசாரணை நாளில் நேரில் ஆஜராகவும். எந்த விலைப் பத்திரங்களை ஆதாரமாகக் கொண்டார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். 30 நாட்களில் பதில் தர வேண்டும்.

5. தொகை குறைவு என்று கருதினால், "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிப் பணத்தை வாங்கவும். அப்படி எழுதாமல் வாங்கினால் 2013 சட்டப்படி கூடுதல் கேட்கும் உரிமை போய்விடும். தீர்வத்தின்போது ஆஜராகி இருந்தவர்கள் அதன் தேதியிலிருந்து ஆறு வாரத்துக்குள் மேல் விசாரணைக்கு மனுச் செய்ய வேண்டும். மற்றச் சட்டங்களில் கெடு வேறுபடும்.

6. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள், தகுதிக்குட்பட்டு வட்டச் சட்டப் பணிகள் குழுவில் இலவச உதவி பெறலாம்.

எதிர்ப்பைச் சட்டத்துக்கு உட்பட்டே தெரிவித்தல் வேண்டும். செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்காக மேல்மா வட்டாரத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் எடுப்பதை எதிர்த்துப் போராடிய விவசாயிகளில் ஏழு பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டமே பாய்ந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தபின் ஆறு பேர் மீதான நடவடிக்கையைச் சில நாட்களில் அரசு கைவிட்டது. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். கிராம சபைத் தீர்மானம் ஏரி, மேய்க்கால், மந்தைவெளி ஆகியவற்றைப் பற்றி ஊரார் சொன்னதற்கு எழுத்துச் சாட்சியாக நிற்கும். வருஷத்தில் ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. தவறாமல் போக வேண்டும்.

குத்தகைதாரர், கூலியாட்கள்

நிலம் போனால் நிலக்காரர் கையில் பணமாவது வரும். நடவு நட்டவர் கையில் என்ன வரும்? 2013 சட்டப்படி, நிலம் எடுப்பதற்கு முன் மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரர், வாரதாரர், விவசாயக் கூலிகள் ஆகியோரும் பாதிக்கப்பட்ட குடும்பங்களே. குடும்பத்தில் ஒருவருக்குத் திட்டத்தில் உருவாகும் வேலை, அல்லது ஒரே முறையாக ரூ.5 லட்சம், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் ரூ.2,000-க்குக் குறையாத உதவித் தொகை என்று மறுவாழ்வு அட்டவணை கூறுகிறது. ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால்தான் கிடைக்கும். குத்தகைதாரர்கள் 1969-ம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின் கீழ் பெயரைப் பதிவு செய்து கொள்ளவும். கூலியாட்களின் பெயரைக் கணக்கெடுப்பில் சேர்ப்பதற்கு நிலக்காரர்களே முன்வந்து உதவ வேண்டும். வாக்குறுதி வேலையானால் என்ன வேலை, என்ன சம்பளம், நிரந்தரமா ஒப்பந்தமா என்று எழுத்தில் கேட்கவும்.

பணம் கைக்கு வந்தால், அதைக் கண்டு தரகர்களும் கார் வியாபாரிகளும் வீட்டைச் சுற்றி வருவார்கள். முதல் ஆறு மாதம் பெரிய செலவு எதுவும் செய்யாமல் வங்கியில் வைப்புப் போடவும். கடன் தீர்த்தது போக, முடிந்தால் சிறிதளவாவது மாற்று நிலம் வாங்கவும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் கணக்கு இருத்தல் நலம்.

மேல்மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை

ஓர் ஏக்கரில் அரை அடி ஆழ மேல்மண்ணின் எடை சுமார் 9 லட்சம் கிலோ. பயிரின் உணவும், மண்புழுவும், நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் பிடிக்கும். புல்டோசர் அதை ஒரே நாளில் புரட்டி ஜல்லிக்கு அடியில் போட்டுவிடும். சட்டத்தில் இழப்பீடு நிலத்துக்கு உண்டு. இந்த மண்ணுக்கென்று தனிக் கணக்கு இல்லை.

ஆகவே, திட்டமிடுவோருக்கு விஞ்ஞானி என்ற முறையில் சில யோசனைகளைச் சொல்ல விரும்புகிறேன். முதலில், மூடிக் கிடக்கும் ஆலைகளின் இடத்தையும், தொழிற்பேட்டைகளுக்குள் காலியாக உள்ள மனைகளையும் பயன்படுத்த வேண்டும். அடுத்து, ஏரிகளின் நீர்ப்பிடிப்பில் சேராத கல்லாங்குத்து நிலங்களைத் தேட வேண்டும். பல போக நஞ்சையைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். தவிர்க்க முடியாமல் எடுத்தால், மேல்மண்ணை வழித்து அக்கம்பக்கத்து மானாவாரி நிலங்களுக்குக் கொடுக்க வேண்டும். சலுகை பெறும் கம்பெனி எத்தனை ஆண்டு இருக்கும், எத்தனை பேருக்கு வேலை தரும், போய்விட்டால் நிலம் யாருக்கு என்பவை ஒப்பந்தத்தில் இடம்பெற்று, ஊராருக்குத் தெரிய வேண்டும். 2013 சட்டத்தில் ஐந்து ஆண்டு பயன்படுத்தாத நிலம் பழைய சொந்தக்காரருக்கோ நில வங்கிக்கோ போக வேண்டும் என்றாவது இருக்கிறது. சிப்காட் நில எடுப்பிலும் அப்படி ஓர் ஏற்பாடு, விவசாயிக்கே முதல் உரிமை தந்து, இருப்பது நியாயம்.

திருத்தணிப் பெரியவரின் விஷயத்துக்கு வருவோம். அன்று மதியமே மகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல ஆட்சேபணை மனுவை எழுதினோம். இரண்டு போகம் நெல், ஒரு போகம் நிலக்கடலை, ஒரு கிணறு, 11 தென்னை, 3 வேம்பு, நடவுக்கும் அறுப்புக்கும் வழக்கமாக வரும் ஆறு பெண்களின் பெயர்கள் எல்லாம் அதில் இடம்பெற்றன. கிணற்றை அடங்கலில் சேர்க்கக் கோரித் தனி மனுவும் எழுதினோம். காவடியை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு அன்று மாலையே ஊருக்குப் புறப்பட்டார். மறுநாள் மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். விசாரணை இன்னும் முடியவில்லை. கிராம நிர்வாக அலுவலர் வந்து கிணற்றை அளந்து போயிருக்கிறார்.

இதைப் படிக்கும் விவசாய அன்பர்கள் இந்த வாரமே தங்கள் நிலத்தின் பட்டா, அடங்கல் நகல்களை எடுத்து, வயலில் உள்ளதும் காகிதத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்துக் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கிணறோ மரமோ விடுபட்டிருந்தால் உடனே கிராம நிர்வாக அலுவலரை அணுகவும். மகசூல், மர மதிப்பு பற்றிய விவரங்களுக்கு அருகில் உள்ள வட்டார வேளாண்மை, தோட்டக்கலை அலுவலகங்களிலும், திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம்.